2016ல் ஆளுங்கட்சியே திரும்ப வந்ததை எப்படிப் புரிந்துகொள்வது?

அடையாறு_97 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நேற்று அலுவலகத்தில் சாப்பிடும்போது வந்த ஒரு வாக்குவாதம், ரொம்ப நாளாக மனதில் கிடந்த கேள்வியை மறுபடி கிளப்பிவிட்டது.

நான் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 2016 சட்டமன்றத் தேர்தலில். வீடு வேளச்சேரி. அதற்கு ஐந்தரை மாதம் முன்னால், 2015 டிசம்பர் வெள்ளத்தில், எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் அடித்தட்டில் இருந்த என் சான்றிதழ்களை அம்மா கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார்கள். நடத்தைச் சான்றிதழில் தலைமையாசிரியர் பச்சை மையில் போட்ட கையெழுத்து கரைந்து, அந்த இடத்தில் இலை மாதிரி ஒரு பச்சைக் கறை இன்னும் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர் எங்களை நான்கு நாள் வைத்துக் காப்பாற்றினார். இந்த ஆட்சி இனி திரும்ப வராது என்று அப்போது உறுதியாக நம்பினேன். தெருவில் பேசின எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள், வாக்குப்பதிவு முடிந்த கையோடு டிவியில் வந்த கணிப்புகளிலும் பல திமுக என்றுதான் சொல்லின.

மே 19 மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தேர்தல் நடந்த 232 இடத்தில் அதிமுகவுக்கு 134. 32 வருடத்துக்குப் பிறகு ஆளுங்கட்சி திரும்ப வந்திருக்கிறது என்று எல்லாச் சேனலிலும் அதே வரி.

நேற்று நண்பன் சொன்னான், "திரும்ப வந்தாலே மக்கள் அந்த அஞ்சு வருஷத்துக்கும் பாஸ் மார்க் போட்டுட்டாங்கன்னு அர்த்தம், வெள்ளத்தையும் மன்னிச்சிட்டாங்க, நீ மட்டும்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கே." பக்கத்தில் இருந்த இன்னொருவர், "ஓட்டு சிதறிச்சு, அதனால தப்பிச்சாங்க, அவ்வளவுதான்" என்றார். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. ஒரு ஆட்சி திரும்ப வருவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? அப்போது களத்தில் இருந்தவர்கள், கணக்குப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், எனக்கு இது நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கணக்கேடு எழுதியது:

தம்பி, முதலில் அந்த 32 வருடக் கணக்கைச் சரி பண்ணிக்கொள்வோம், ஏனென்றால் அதை வைத்துத்தான் எல்லோரும் பெரிய முடிவுகளுக்குப் போகிறார்கள்.

1984ல் எம்ஜிஆர் ஆட்சி திரும்ப வந்தது. அவர் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார், பிரசாரத்துக்கே வரவில்லை. இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நாடாளுமன்றத் தேர்தலும் கூடவே நடந்தது. அதிமுக 132, காங்கிரஸ் 61. அதை ஐந்து வருட ஆட்சிக்குப் போட்ட மதிப்பெண் என்று யாராலும் சொல்ல முடியாது, அது அனுதாபம். அதற்கு முன்னால் 1971ல் திமுக 184 இடத்தோடு திரும்ப வந்தது.

இடையில் வந்த 1989, 1991 இரண்டு தேர்தலுமே குடியரசுத் தலைவர் ஆட்சியில் நடந்தவை. முதல் முறை எம்ஜிஆர் இறந்து கட்சி இரண்டாக உடைந்திருந்தது, அடுத்த முறை திமுக ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. ஆக, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தேர்தலைச் சந்தித்துத் தோற்றது 1996, 2001, 2006, 2011 என்று நான்கு தடவைதான். அந்த நான்கை வைத்துத்தான் "தமிழ்நாட்டில் மாறி மாறித்தான் வரும்" என்று ஒரு விதியே எழுதிவிட்டோம். 2016ல் அந்த விதி உடைந்ததும் ஏதோ அதிசயம் நடந்த மாதிரி பேசினோம்.

இனி 2016. அதிமுக அணிக்கும் திமுக அணிக்கும் ஓட்டு சதவீத வித்தியாசம் சுமார் ஒன்று, அவ்வளவுதான். அதிமுக 40.8 சதவீதம். திமுக அணி கிட்டத்தட்ட 39.8. இடங்களில் மட்டும் 134க்கு 98 (திமுக 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1). நூறு பேரில் நாற்பத்தொரு பேர் ஓட்டில் சட்டமன்றத்தின் பாதிக்கு மேல் கிடைத்துவிடும், நம் முறை அப்படி. அந்த 134லும் கருணாஸ், தனியரசு, தமிமுன் அன்சாரி மாதிரி இரட்டை இலையில் நின்ற தோழமைக் கட்சிக்காரர்கள் அடக்கம்.

சிதறல் என்பது பொய் இல்லை. 2011ல் 29 இடம் வென்று எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்த தேமுதிக தலைவர் விஜயகாந்தைத் திமுக எதிர்பார்த்தது. பழம் நழுவிப் பாலில் விழும் என்று கருணாநிதி நம்பிக்கையோடு காத்திருந்தார். பழம் மக்கள் நலக் கூட்டணி என்ற மூன்றாவது அணியில் விழுந்தது. தேமுதிக 104 இடத்தில் நின்று ஒன்றும் வெல்லவில்லை, விஜயகாந்தே உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்தார். பாமக தனியாக நின்று 5.3 சதவீதம் வாங்கியது, இடம் பூஜ்யம்.

ஆனால் உங்கள் அலுவலகத்து நண்பர் சொல்வது மாதிரி அதை மட்டும் காரணமாகச் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்றாவது அணிக்கும் பாமகவுக்கும் போன ஓட்டெல்லாம் அவர்கள் இல்லையென்றால் அப்படியே உதயசூரியனில் விழுந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அப்படி நடக்காது. தேமுதிக 2011ல் அதிமுகவோடுதான் நின்றது, அந்த ஓட்டில் ஒரு பங்கு இலைக்கே போயிருக்கும், இன்னொரு பங்கு வீட்டிலேயே இருந்திருக்கும்.

உங்கள் வெள்ளத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது தம்பி. சென்னையின் 16 தொகுதிகளில் 10 திமுகவுக்குப் போனது, உங்கள் வேளச்சேரியும் அதில் ஒன்று. ஊர் மறக்கவில்லை. ஆனால் ஈரோட்டில் இருப்பவருக்கு அடையாறு கரை உடைந்தது டிவியில் பார்த்த செய்திதானே.

நொய்யல் எழுதியது:

நான் 2016ல் கோவை மாவட்டத்தில் ஒரு தொகுதியில் வாக்கு எண்ணும் ஏஜென்டாக உட்கார்ந்திருந்தேன், தோற்ற வேட்பாளருக்காக. கட்சியைச் சொல்லவில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆட்சி திரும்ப வந்தது ஒரு பெரிய அலையாகத் தெரியும். மேஜையில் உட்கார்ந்தால் அப்படி இல்லை. அறையில் 14 மேஜை, நடுவில் கம்பி வலை, வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள். முதலில் தபால் ஓட்டு, அப்புறம் இயந்திரம். ஒவ்வொரு இயந்திரமாகக் கொண்டுவந்து வைத்து, சீல் எண்ணைக் காட்டி, மேலே ஒட்டிய தாளைக் கிழித்து, ரிசல்ட் பொத்தானை அழுத்துவார்கள். மொத்த ஓட்டு முதலில் வரும். பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கைச் சொல்லும் 17சி படிவம் கையில் இருக்கும், அதன் நகலோடு அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பீப் சத்தம், ஒரு எண். எழுதுவதற்குள் அடுத்தது வந்துவிடும், மறுபடி அழுத்தச் சொன்னால் அழுத்துவார்கள்.

எனக்கு வந்த ஒரு இயந்திரம், நானே வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட நெசவாளர் தெருக்களுடையது. அங்கே ஜெயிப்போம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். கரண்ட் இல்லாமல் தறி நின்ற கதையைப் பிரசாரத்தில் பேசினோம், ஆனால் அது சில வருடத்துக்கு முன்னால் இருந்த கஷ்டம். அங்கே எல்லோருக்கும் நன்றாக நினைவிருந்தது. கடைசி இரண்டு வருடம் கரண்ட் நின்றதில்லை என்பதும் நினைவிருந்தது. நான் போனபோது ஒரு பெரியம்மா தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க கண்ணு" என்று மட்டும் சொன்னார். அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன். இயந்திரத்தில் எங்களுக்கு விழுந்தது பாதிகூட இல்லை. அன்று எனக்கு வந்த வருத்தம் தோல்விக்காக இல்லை, அந்தத் தெருவை நான் சரியாகவே கேட்கவில்லையே என்பதற்காக.

மாவட்டத்தில் 10 தொகுதி, சிங்காநல்லூர் தவிர ஒன்பதும் அதிமுக. அதே நாளில் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆறு தொகுதியில் ஒன்றுகூட அதிமுகவுக்கு இல்லை. அதனால் "தமிழ்நாடு என்ன தீர்ப்புச் சொன்னது" என்ற கேள்வியே எனக்கு இப்போதெல்லாம் சரியாகப் படுவதில்லை. மேற்கு ஒன்று சொன்னது, தெற்குக் கோடி வேறு சொன்னது, சென்னை இன்னொன்று சொன்னது, கூட்டிப் பார்த்தபோது பெரும்பான்மைக்கு வேண்டிய 118ஐத் தாண்டியது.

இன்னொன்று, அந்தப் பச்சைக் கையெழுத்துக் கறையைப் படித்ததும் ராதாபுரம் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே அதிமுகவின் இன்பதுரை திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். 203 தபால் ஓட்டு செல்லாது என்று தள்ளப்பட்டிருந்தது, காரணம் என்ன தெரியுமா, உறுதிமொழியில் சான்றொப்பம் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று. 2019ல் உயர் நீதிமன்றம் அந்த ஓட்டுகள் செல்லும் என்று சொல்லி மறுபடி எண்ண உத்தரவிட்டது, எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே 2021ல் முடிந்துவிட்டது. காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். ஒரு தெருக்காரர்கள் மொத்தமாகக் கல்யாணத்துக்குப் போய் அன்று ஊரில் இல்லையென்றால்கூட அந்த அளவு வந்துவிடும்.

திருமணிமுத்தாறு எழுதியது:

நான் சேலம் பக்கம். எங்கள் வீட்டில் 2016ல் ஐந்து ஓட்டு, நாலு இலைக்குத்தான் போனது. ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி பேச்சு வரும்போதெல்லாம் யாராவது "மிக்ஸி கிரைண்டருக்கு ஓட்டுப் போட்டவங்க" என்று எங்களைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கள் அம்மா நாற்பது வயது வரை ஆட்டுக்கல்லில்தான் மாவாட்டினார்கள். சாயங்காலம் காட்டு வேலை முடிந்து வந்து ஒன்றரை மணி நேரம் அந்தக் கல் முன்னால். வலது தோள்பட்டை இன்றைக்கும் முழுதாகத் தூக்க வராது. அரசு கொடுத்த கிரைண்டர் வந்த அன்று அதற்குப் பொட்டு வைத்தார்கள். ஒருமுறை பெல்ட் அறுந்தது, மாற்றினோம், இப்போதும் ஓடுகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அம்மா எங்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள், அதற்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இதற்கு ஒருவர் ஓட்டுப் போடுவதில் என்ன குறைச்சல்? மாதம் 20 கிலோ அரிசி காசில்லாமல் வந்தது. நான் டிகிரி முடித்ததால் கல்யாணத்துக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் கிடைத்தது. அந்தப் பணத்துக்காகவே என்னைப் படிப்பை நிறுத்தாமல் அனுப்பிய அப்பா அவர்.

அதே அப்பா குடிப்பார். அதுதான் எங்கள் வீட்டில் அந்தத் தேர்தலின் உண்மையான விவாதம். ஒரு பக்கம் முழு மதுவிலக்கு என்றார்கள், இன்னொரு பக்கம் படிப்படியாக என்றார்கள். அம்மா இரண்டு நாள் யோசித்தார்கள். பதவியேற்ற அன்றே 500 டாஸ்மாக் கடையை மூடக் கையெழுத்துப் போட்டதை டிவியில் பார்த்து அம்மா அழுதார்கள். எங்கள் ஊர்க் கடை அந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் கோபம் அம்மாவுக்கு இன்னும் போகவில்லை, அவ்வளவு நம்பியிருந்தார்கள்.

அதனால் ஓட்டுப் போட்டோம் என்றால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம் என்று அர்த்தம் இல்லை தம்பி. வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவிலும் அரிசி, போர்வை சேர்த்து லாரியில் அனுப்பினோம். உங்களை மறந்துவிட்டு யாரும் பொத்தானை அழுத்தவில்லை. அன்று எங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருந்தது, அவ்வளவுதான். 2016ல் ஓட்டுப் போட்டவர்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம், அதையும் கணக்குப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

பணம் கொடுத்தது வேறு விஷயம், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப்பட்டுவாடாவால் தேர்தலையே ரத்து செய்து, நவம்பரில்தான் நடத்தினார்கள். அது வெட்கக்கேடு. ஆனால் ரேஷன் அரிசியையும் கவரில் வந்த பணத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

வாளையார்_கரை எழுதியது:

பாலக்காட்டில் இருக்கும் தமிழன் நான், எனக்கு ஓட்டு கேரளத்தில். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எழுதுகிறேன்.

இங்கே 2021ல் பினராயி விஜயன் ஆட்சி திரும்ப வந்தது. 1977க்குப் பிறகு முதல் தடவை. தமிழ்நாட்டோடு ஒரு பெரிய வித்தியாசம், இங்கே இடம் கூடியது. 2016ல் 91, 2021ல் 140க்கு 99. அங்கே 2011ல் அதிமுக மட்டும் 150, கூட்டணியோடு 203, அதிலிருந்து 134க்கு இறங்கி வந்து ஆட்சியைத் தக்கவைத்தார்கள். ஒன்று ஏறி வந்தது, இன்னொன்று இறங்கி நின்றது, இரண்டுக்கும் "ஆட்சி தொடர்கிறது" என்று ஒரே தலைப்புத்தான்.

இங்கேயும் 2018ல் பெருவெள்ளம், 2019ல் மறுபடி வெள்ளம், அப்புறம் கொரோனா. அந்தந்தச் சமயத்தில் அரசு கண்முன்னால் இருந்தது என்ற எண்ணம் எங்கள் தெருவில் நிறையப் பேருக்கு இருந்தது. ரேஷன் கடையில் மாதாமாதம் மளிகைப் பை கிடைத்தது, முதியோர் ஓய்வூதியம் அப்போது 1,600 ரூபாய் கைக்கு வந்தது. பேரிடர் வந்தால் ஆட்சி போகும் என்றும் இல்லை, நிலைக்கும் என்றும் இல்லை. தண்ணீர் வடிந்த மறுநாள் யார் வந்தார்கள் என்பதைத்தான் எங்கள் பக்கத்து வீட்டு அம்மச்சி இன்றும் சொல்கிறார்.

இன்னும் ஒன்று. அதே கேரள மக்கள் 2019 நாடாளுமன்றத் தேர்தலில் 20க்கு 19 இடத்தைக் காங்கிரஸ் அணிக்குத்தான் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் சட்டமன்றத்துக்கு வேறு மாதிரி. உங்கள் பக்கமும் 2014ல் 39க்கு 37 அதிமுகவுக்கு, 2019ல் தேனி மட்டும். எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்று பார்த்துத்தான் ஜனங்கள் பதில் சொல்கிறார்கள்.

அடையாறு_97 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திருமணிமுத்தாறு அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். லாரியில் வந்த போர்வை ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரியாது.

ஆனால் ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. 2016 மேயில் திரும்ப வந்த ஆட்சி என்று சொல்கிறோம். செப்டம்பர் 22ல் ஜெயலலிதா மருத்துவமனைக்குப் போனார், டிசம்பர் 5ல் இறந்துவிட்டார். அப்புறம் ஓ.பன்னீர்செல்வம், 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி. அக்கா வீட்டில் அந்த நாலு பேர் ஓட்டுப் போட்டது ஒருவரின் முகத்தைப் பார்த்து. மிச்சம் நாலரை வருடம் நடந்தது அந்த ஓட்டின் ஆட்சிதானா?

கணக்கேடு எழுதியது:

சட்டப்படி ஆமாம் தம்பி. நாம் முதல்வரைத் தேர்ந்தெடுப்பதில்லை, சட்டமன்ற உறுப்பினரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். 2017 பிப்ரவரி 18ல் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது, 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு, திமுக உறுப்பினர்களை வெளியேற்றிவிட்டார்கள், காங்கிரஸ் வெளிநடப்பு. அதில் ஆட்சி தப்பியது. ஆனால் மனசுப்படி கேட்டால், அன்று நிறையப் பேர் தங்கள் தொகுதி எம்எல்ஏவுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று. நானும் போட்டேன். எடுக்கவில்லை. இனி ஓட்டுப் போடும்போது சின்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரையும் படிப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நொய்யல் எழுதியது:

தம்பி, நேரம் கிடைத்தால் படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது, தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை என்று வரிசையாக இருக்கும். தண்ணீர் ஏறிய தெருக்கள் எவை, ஏறாத மேட்டுத் தெருக்கள் எவை என்று உங்களுக்குத்தான் தெரியும், அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிவியில் யாரும் அதைச் சொல்லவில்லை.

அடையாறு_97 எழுதியது:

இறக்கிவிட்டேன். அம்மா அந்த வருடத்துப் பூத் சிலிப்பை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார்கள், அதில் வாக்காளர் பட்டியல் பாகம் எண் இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.